தொப்பி விழும், தோல் கிழியும்: பள்ளி பேண்டு டிரஸ் ரிகர்சல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். இசை படித்தவன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் தலைமையாசிரியர் ஸ்டோர் ரூமைத் திறந்து, தூசி படிந்த நாலு சைடு டிரம் (சின்ன மேளம்), ஒரு பாஸ் டிரம் (பெரிய மேளம்), ஒரு ஜோடி சிம்பல் (தட்டுத் தாளம்), நெளிந்துபோன பியூகிள் (ஊதுகொம்பு) ஒன்று, எல்லாவற்றையும் காட்டி, "சார், ஆகஸ்ட் பதினஞ்சுக்குள்ள இதுங்களுக்கு உயிர் குடுத்துருங்க" என்றார். அப்படித்தான் பேண்டு மாஸ்டர் ஆனேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பேண்டு பார்த்துக்கொள்ளும் பி.டி. சார்கள் பலருக்கும் கதை இதேதான். ஜனவரி வந்தால், 26ஆம் தேதி குடியரசு தின விழாவுக்காக, போன் அடிக்க ஆரம்பித்துவிடும். வாசிப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ரிகர்சலில் நடந்த கூத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்துவிட்டேன்.

டிரஸ் ரிகர்சலை (முழு உடையில் நடத்தும் ஒத்திகையை) என்றைக்கு வைப்பது? எங்கள் பள்ளியில் 25ஆம் தேதி சாயந்திரம்தான் வழக்கம்.

அந்த வழக்கத்தை முதலில் விடுங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ரிகர்சல் தேதியைப் பிள்ளைகளின் தயார்நிலையைப் பார்த்துக் குறிக்காதீர்கள், கடை திறந்திருக்கும் நாளைப் பார்த்துக் குறியுங்கள்.

25ஆம் தேதி சாயந்திரம் ஐந்து மணிக்கு டிரம் தோல் கிழிகிறது என்று வையுங்கள். தர்மபுரியில் கேட்டுப் பார்த்து, கிடைக்காமல் சேலத்துக்குப் பஸ் ஏறினால் போக வர அரை நாள். ராத்திரியில் எந்தக் கடையைத் தட்டுவீர்கள்? டெய்லரும் அப்படித்தான், செருப்பு தைப்பவரும் அப்படித்தான். நான் மூன்று நாள் முன்னால் வைப்பேன். இடையில் ஞாயிறு வந்தால் நாலு நாள்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறக்கும்போது 26க்கு ஒரு வாரம்தான் மிச்சம் இருக்கும். பிள்ளைகள் கரும்பு தின்றுவிட்டு அடி மறந்து வருவார்கள். அதனால் முதல் இரண்டு நாள் டிரம்மைத் தொடவே விடாமல் பெஞ்சிலும் தொடையிலும் தட்டச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் முழு உடை.

இன்னொன்று. விழா எந்த நேரமோ அந்த நேரத்தில்தான் ரிகர்சல். சாயந்திரம் நடத்தினால் வெயில் முதுகில் அடிக்கும். காலையில் அதே இடத்தில் நின்றால் கண்ணில் அடிக்கும். லீடருக்கு எதிரே இருப்பது எதுவுமே தெரியாது. புல்லில் பனி ஈரம் வேறு. புது ஷூ வழுக்குவதைச் சாயந்திர ரிகர்சல் எந்த நாளும் காட்டிக்கொடுக்காது.

போன வருஷம் தைத்த யூனிபார்ம் யாருக்கும் சேரவில்லை. என்ன செய்வது?

எட்டாம் வகுப்புப் பையன் ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது பேன்ட் கணுக்காலுக்கு மேலே போயிருக்கும், அது அவன் குற்றம் இல்லை. உடையைப் பையன் பெயரில் வைக்காமல் அளவுப்படி நம்பர் போட்டு வையுங்கள். தைக்கும்போதே கீழே மூன்று விரல் மடிப்பு விடச் சொல்லுங்கள். அவ்வளவுதான், இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

வித்தை இருப்பது தொப்பியில். குஞ்சம் வைத்த தொப்பி அசையாமல் நிற்கும் தலையில் அழகாக உட்காரும். நடக்க ஆரம்பித்து, "லெஃப்ட் டர்ன்" சொன்னதும் தலை திரும்பும், தொப்பி திரும்பாது. முதல் வருஷம் எனக்கு ஒரு ரிகர்சலில் ஆறு தொப்பி விழுந்தது. சிம்பல் அடிக்கும் பெண் ஒரு தொப்பியை எடுக்கக் குனிந்தாள், பின்னால் வந்த பாஸ் டிரம் அவள் மேல் முட்டியது, டிரம்மைச் சுமந்தவனுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. அந்த டிரம் அவன் மூக்கு வரை இருந்தது. செய்தித்தாளை மடித்துத் தொப்பியின் உள்பட்டைக்குள் செருகி, தாடைக்கு எலாஸ்டிக் தைத்தோம். ஒரு விதியும் சொன்னேன்: விழுந்த தொப்பி விழுந்தபடியே கிடக்கட்டும், யாரும் குனியக் கூடாது. இன்றுவரை அந்த விதி இருக்கிறது.

வெள்ளைக் கையுறையை டிரம் அடிப்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். பருத்திக் கையுறையில் குச்சி நிற்காது. லீடருக்கும் கொடி பிடிப்பவருக்கும் போதும். தோள்பட்டைக் குஞ்சம் சிம்பல் வாரில் சிக்கும் என்பதால் சிம்பல்காரருக்கு அதையும் எடுத்துவிடுங்கள். மேடையில் இருப்பவர்கள் யாரும் குஞ்சத்தை எண்ணுவதில்லை.

டிரம் தோல் ரிகர்சலில் கிழிந்தது. அவசரத்துக்கு என்ன வழி?

சின்ன விரிசல் என்றால் துணியால் நன்றாகத் துடைத்து, மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்த இடத்தில் அடிக்காமல் ஓட்டலாம். பாஸ் டிரம்முக்கு இரண்டு பக்கம் தோல், ஒரு பக்கம் போனால் மறுபக்கம் திருப்பி மாட்டுங்கள். சைடு டிரம்மில் அந்தத் தந்திரம் நடக்காது. அடித்தோல் மெல்லியது, குச்சி பட்டால் ஓட்டை விழும்.

எப்படிக் கிழிந்தது என்று கேட்பது அதைவிட முக்கியம். என் கதையைச் சொல்கிறேன்.

ஒரு ஜனவரி ரிகர்சல். மாரண்டஅள்ளி மலைப்பக்கம் இருந்து பனி இறங்கி மைதானத்தின் எதிர்க்கோடி தெரியவில்லை. வேப்பமரத்தடியில் வாட்ச்மேன் சருகு கூட்டித் தீ வைத்திருந்தார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் சைடு டிரம்மைக் கழற்றி, தோல் பக்கத்தைத் தீக்கு நேரே காட்டிக்கொண்டிருந்தான். நான் ஓடிப் போவதற்குள் தோலின் நடுவில் அப்பளம் பொரிவது போல ஒரு கொப்புளம் எழுந்தது. ஓரம் சுருங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிளாஸ்டிக் கருகும் வாடை.

"சார், எங்க தாத்தா தப்பட்டைய இப்பிடித்தான் காய்ச்சுவாரு" என்றான்.

நான் கத்தினேன். பிள்ளைகள் எல்லாரும் பார்க்கக் கத்தினேன். அடுத்த இரண்டு நாள் அவன் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தப்பட்டையில் இருப்பது ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ. பனியில் ஈரத்தை இழுத்துத் தொய்யும், தீயில் காட்டினால் ஈரம் போய் இறுகும், கணீரென்று பேசும். நம் டிரம்மில் இருப்பது பாலியஸ்டர் படலம். அது ஈரத்தைக் குடிப்பதும் இல்லை, தீயில் பிழைப்பதும் இல்லை. இதை நான் ஒரு நாளும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அவன் வீட்டுக்குப் போனேன். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். நான் கையோடு கொண்டுபோன இன்னொரு டிரம்மை வாங்கி மடியில் வைத்து, விளிம்பை ஒட்டி ஒவ்வொரு திருகாணிக்கு நேராகவும் விரல் நுனியால் தட்டினார். மூன்றாவது இடத்தில் நிறுத்தி, "இங்க தளர்ச்சியா இருக்கு பாருங்க சார், ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருக்கு, இதுவும் சீக்கிரம் கிழியும்" என்றார். டிரம் என்ற பொருளையே அன்றுதான் அவர் கையில் எடுத்தார். அதற்கு முன்னால் பல வருஷமாக நான் திருகாணிகளை வட்டமாக வரிசையாக முடுக்கிக்கொண்டிருந்தேன். லாரி சக்கரத்து நட்டை முடுக்குவது போல எதிரெதிராக, ஒவ்வொன்றிலும் அரைத் திருப்பு வைத்து முடுக்க வேண்டும். பிறகு விளிம்பெல்லாம் ஒரே சத்தம் வருகிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும்.

பையன் மறுநாள் வந்தான். திருகாணி முடுக்கும் டிரம் சாவி அன்று முதல் அவனிடம்தான். எங்கள் பக்கம் பம்பை, தப்பட்டை அடிப்பவர்கள் இல்லாத ஊர் குறைவு. தெருக்கூத்து மேளம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். தாளம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பொருள் மாறியிருக்கிறது என்பதை மட்டும் நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தேசிய கீதம் வாசிக்கும்போது கூட்டம் முன்னாடியே பாட ஆரம்பித்துவிடுகிறது.

டிரம் உருட்டல் (குச்சியால் இடைவிடாமல் படபடவென்று அடிப்பது) சரியில்லை என்று அர்த்தம். பேண்டு தேசிய கீதம் வாசிக்கும்போது, கீதம் வரப்போகிறது என்று கூட்டத்துக்குத் தெரிவிக்க முன்னால் டிரம் உருட்ட வேண்டும் என்று மத்திய அரசின் ஆணையே சொல்கிறது. அளவு, மெதுநடையில் 7 எட்டு, அதாவது ஏழு காலடி. மெல்லத் தொடங்கி, முடிந்தவரை பெரிதாக ஏறி, பிறகு இறங்க வேண்டும். ஏழாவது எட்டு வரை காதில் விழ வேண்டும். அப்புறம் ஒரு எட்டு மௌனம். அதன் பிறகுதான் கீதம்.

அந்த ஒரு எட்டு மௌனத்தில்தான் எல்லாருக்கும் கால் தடுக்கும். உருட்டுகிறவனுக்குக் கை நிற்காது, நின்றால் கூட்டம் பொறுக்காது. நான் என்ன செய்வேன் என்றால், ரிகர்சலுக்கு மற்ற வகுப்புப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்துவேன். பேண்டு மட்டும் தனியாகப் பழகினால் இந்தச் சிக்கல் வெளியே வராது. உருட்டலின்போது லீடர் கோலை மேலே தூக்கியபடி நிற்பான், இறக்கினால்தான் பாட்டு.

முழு வடிவம் சுமார் 52 நொடி. செல்போனில் ஸ்டாப் வாட்ச் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு முதலில் 1 நிமிடம் 10 நொடி வந்தது. பியூகிளை இதில் சேர்க்காதீர்கள். அதில் விசை கிடையாது, உதட்டால் எடுக்கும் ஐந்து சுரம்தான் கைக்கு வரும். கொடிக்கு வணக்கம் சொல்ல அது போதும், பாட்டுக்குப் போதாது.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் டிரம் அடிக்கலாமா?

வேண்டாம். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, முல்லைப்பாணியில், அதாவது மோகன ராகத்தில், மூன்றன் நடையில் (மூன்று மூன்றாக எண்ணும் தாளத்தில்), 55 நொடியில் பாட வேண்டும் என்கிறது. இசைத்தட்டுப் போடுவதைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்றும் இருக்கிறது. நம் பிள்ளைகளின் கை "லெஃப்ட் ரைட்" என்று இரண்டு இரண்டாகப் பழகிய கை. ஒரு ரிகர்சலில் ஆர்வக்கோளாறில் ஒருவன் கூடவே தட்ட ஆரம்பித்தான். பாடிய பெண்கள் மூன்றில் போக, இவன் இரண்டில் போக, நடுவில் பாட்டு உடைந்தே போனது. குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்.

பேண்டு சரியாக வாசிக்கிறது, ஆனால் அணிவகுப்பின் கடைசிப் பிரிவுக்குக் கால் மாறிப் போகிறது. பிள்ளைகள் கவனிப்பதில்லையா?

பிள்ளைகளைத் திட்டாதீர்கள், இது கணக்கு. விரைவு நடையில் நிமிடத்துக்கு 120 எட்டு, ஒரு எட்டுக்கு அரை நொடி. சத்தம் காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பேண்டுக்கு நாற்பது மீட்டர் பின்னால் நடப்பவன் பாஸ் டிரம் அடியை ஒரு எட்டில் ஏறக்குறைய கால் பங்கு பின்தங்கித்தான் கேட்பான். முன்னால் இருப்பவன் காலைப் பார்ப்பதா, காதைக் கேட்பதா என்று குழம்புவான்.

எதிரே கட்டடச் சுவர் இருந்தால் இன்னும் மோசம். 85 மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருக்கிறது என்றால் எதிரொலி போய் வர 170 மீட்டர், சரியாக அரை நொடி. இடது காலுக்கு அடித்த அடி வலது காலுக்குத் திரும்பி வரும்! எங்கள் மைதானத்தில் புதிதாக வகுப்பறைக் கட்டடம் எழும்பிய வருஷம் இந்தப் பேய் பிடித்தது. பாஸ் டிரம்காரனை இரண்டு நாள் திட்டிய பிறகுதான் சுவர் என் புத்திக்கு எட்டியது.

தீர்வு எளிது. பேண்டை முன்னால் நடக்கவிடாமல் மேடைக்கு எதிர்ப்பக்கம், மைதானத்தின் நடுவில் நிறுத்துங்கள். சுவருக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். எல்லாப் பிரிவுக்கும் தூரம் ஏறக்குறைய சமமாகும். ஒவ்வொரு பிரிவின் தலைவரும் எட்டுக் காலடிக்கு ஒரு முறை குரல் கொடுக்கட்டும்.

காலைக் குளிரில் புல்லாங்குழலும் மெலோடிகாவும் சுருதி ஒட்டவே இல்லை.

ஒட்டாது. காற்று குளிர்ந்தால் அதில் ஒலியின் வேகம் குறையும், ஒவ்வொரு டிகிரிக்கும் நொடிக்கு 0.6 மீட்டர் அளவில். குழலின் சுருதி இறங்கும். மெலோடிகா வாயால் ஊதி வாசிக்கும் கீபோர்டு, அதில் பேசுவது உலோக நாக்கு, அது இறங்காது. வாசிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பிருந்து குழலைச் சட்டைக்குள் வைத்திருக்கச் சொல்லுங்கள், ஓசையில்லாமல் வெறும் மூச்சை உள்ளே விடச் சொல்லுங்கள். குளிர் அதிகமான தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் இருப்பவர்கள் பத்து நிமிடம். அப்படியும் சரிவரவில்லை என்றால் அன்றைக்கு மெலோடிகாவை ஓய்வெடுக்கச் சொல்லிவிடுங்கள்.

ஒரு பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்கே பயமாக இருக்கிறது.

பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, சாப்பிடாமல் வந்திருப்பாள். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான், பேண்டில் இருப்பவர்கள் எட்டும் ஒன்பதும். ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளை என்ன சாப்பிட்டிருக்கும்? நாங்கள் சத்துணவு அக்காவிடம் சொல்லி ரிகர்சல் நாளிலும் விழா நாளிலும் கேழ்வரகுக் கூழ் ஒரு டம்ளர் ஏற்பாடு செய்கிறோம். செலவு எங்கள் பாக்கெட்டிலிருந்துதான்.

இரண்டாவது, முட்டியைப் பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்பது. ரத்தம் காலிலேயே தங்கும், தலைக்குப் போவது குறையும். 'அட்டென்ஷன்' என்றால் கல்லாகிவிட வேண்டும் என்று நாமே சொல்லிக் கொடுத்திருப்போம். ஷூவுக்குள் கால் விரலை ஆட்டிக்கொண்டே இரு, முட்டியை லேசாகத் தளர்த்து, வெளியே யாருக்கும் தெரியாது என்று சொல்லுங்கள். விழுந்தால் நிழலில் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். முழு நினைவு வரும் முன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஓரிரு நிமிடத்தில் தெளியவில்லை என்றால் 108.

பாஸ் டிரம் அடிப்பவன் காதுகுத்துக்கு அரூர் போய்விட்டான்.

போவான். இந்த மாதங்களில் யாராவது ஒருவருக்குக் காது குத்திக்கொண்டேதான் இருப்பார்கள். பாஸ் டிரம்முக்கும் லீடருக்கும் எப்போதும் இரண்டாவது ஆள் தயாராக இருக்க வேண்டும். ரிகர்சலில் பாதி நேரம் அந்த இரண்டாவது ஆளே அடிக்க வேண்டும், வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்வான் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

தலைமையாசிரியர் பேசும்போது டிரம்கள் தானாகச் சத்தம் போடுகின்றன. பேய் இல்லையே?

சைடு டிரம்மின் அடித்தோலை ஒட்டிக் கம்பிச் சரம் ஒன்று ஓடுகிறது. மைக்கில் கனமான குரல் வந்தால் அது கூடவே அதிரும், "கிர்ர்" என்று. பக்கத்தில் இருக்கும் நெம்புகோலைத் தட்டினால் கம்பி விலகும், சத்தம் நிற்கும். பேச்சு ஆரம்பித்ததும் தட்டிவிட வேண்டும், முடிந்ததும் மறக்காமல் திரும்ப மாட்ட வேண்டும். மறந்தால் டிரம் தகர டப்பா மாதிரி பேசும். எங்கள் தலைமையாசிரியர் ஒருவர் தன் பேச்சுக்குப் பிள்ளைகள் பின்னணி இசை கொடுக்கிறார்கள் என்று நினைத்து மகிழ்ந்தார். நான் திருத்தவில்லை.

கையில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

என் தோள்பையில் டிரம் சாவி, இன்சுலேஷன் டேப், ஊக்கு ஒரு அட்டை, ஷூ லேஸ், எலாஸ்டிக், ஊசி நூல், இரண்டு ஜோடி குச்சி, பழைய செய்தித்தாள், குளுக்கோஸ் இருக்கும். டிரம் கொக்கி அறுந்தால் கட்ட கொஞ்சம் நாடா. கம்பி வைத்துக் கட்டாதீர்கள், பையன் தொடையைக் கிழிக்கும்.

கடைசி நிமிடத்தில் இன்னொரு பாட்டுச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

"சரிங்க சார்" என்று சொல்லுங்கள். சேர்க்காதீர்கள்.

ரிகர்சல் சொதப்பினால் விழா நன்றாக நடக்கும் என்கிறார்களே?

ரிகர்சலும் சொதப்பி விழாவும் சொதப்பிய வருஷம் எனக்கு இரண்டு உண்டு. இரண்டிலும் ரிகர்சல் முந்தைய நாள் சாயந்திரம்தான் நடந்தது.

விழா முடிந்ததும் டிரம்களைப் போட்டது போட்டபடி ஓடிவிடுகிறார்கள். அடுத்த வருஷம் எடுத்தால் பாதி உடைந்திருக்கிறது.

மிட்டாய்க்கு ஓடுகிறார்கள், வேறென்ன. வெயிலில் கிடக்கும் டிரம்மின் மேல் யாராவது உட்காருவார்கள், சிம்பலைத் தட்டாக்கி யாராவது பொரி தின்பார்கள். நான் தலைமையாசிரியரிடம் கேட்டு ஒரே ஒரு மாற்றம் செய்துகொண்டேன். பேண்டுப் பிள்ளைகளுக்கான மிட்டாய்ப் பெட்டி இப்போது மேடையில் இருப்பதில்லை, ஸ்டோர் ரூமில், டிரம் வைக்கும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும்.